திரும்பும் வழியில் இரண்டாம் கச்சேரி

ஜனவரி 11

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு நானும் மகளும் மருமகனும் நலம். இந்தக் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த தைலத்தை விடாமல் தேய்த்து வருகிறீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நாம் நெட்டை என்று பெயர் வைத்திருக்கும் அந்த அம்மாவின் வயலின் கச்சேரி மூன்று வெளியூர்களில் நடக்கப்போவதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். எல்லாமே வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை மதியம். இதுவரை நீங்கள் உங்கள் ஊரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து, என்னை இங்கே ஏற்றிக்கொண்டு, கச்சேரி ஊருக்குப் போய், திரும்ப என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறீர்கள். இதற்கு ஆகும் செலவை உட்கார்ந்து பார்த்தேன். பெட்ரோல், சுங்கச்சாவடி, மண்டப வாசலில் வண்டி நிறுத்தக் கொடுக்கும் காசு, டயர் தேய்மானம், போதாததற்கு வருஷா வருஷம் மெக்கானிக் கறக்கும் தொகை. ரயிலில் போனால் இதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். நம் வயதுக்குச் சலுகை வேறு உண்டு.

ஆகவே இந்த வருஷம் ரயில் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். அதற்காக டெலிபோனில் கூப்பிட வேண்டாம். கணக்கு விஷயத்தை வாயால் பேசினால் காற்றோடு போய்விடும், எழுத்தில் இருக்கட்டும். உங்களுக்கு எழுதிக் கொடுக்கத்தான் கீழ்வீட்டுத் தையல்காரம்மா இருக்கிறாரே. இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறவரும் அவர்தான் என்பதால், அவருக்கு என் வணக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்


ஜனவரி 23

மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். முழங்கால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. உன் மகள், மருமகன் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைத் தையல் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். அந்த அம்மா சட்டைக்குக் காலர் வைப்பதை நிறுத்திவிட்டு வாசித்தார். டயர் தேய்மானம் என்ற இடம் வந்ததும் மெஷின் மேலேயே கவிழ்ந்து சிரித்தார். "டயரு தேயறத இவரு எந்த டேப்பு வெச்சுங்க அளந்தாரு?" என்று கேட்டார். "மர மில்லுல மரத்தூளுக்கே கணக்கு எழுதின ஆளும்மா அவன்" என்றேன்.

கைநாட்டு வைக்கிறவனைப் பார்த்து எழுத்தில் இருக்கட்டும் என்கிறாய். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. உன் மகள் எடுத்து, "அப்பா குளிக்கிறாங்க மாமா" என்கிறாள். காலையிலும் குளியல், சாயங்காலமும் குளியல். உடம்பில் அப்படி என்னதான் அழுக்குச் சேருகிறது உனக்கு?

சரி, என் கணக்கையும் கேள். வண்டி வருவதற்கு முன்னால் நீயும் நானும் உன் அக்காவும் பஸ் பிடித்து அந்தப் புல்லாங்குழல்காரர் கச்சேரிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அன்று நீலக் கட்டம் போட்ட சட்டை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாட்டு நடுவில் எழுந்தோம். உன் அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். நாம் போய்ச் சேரும்போது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது. "பாட்டும் போச்சு, பஸ்ஸும் போச்சு. ஒரு பழைய வண்டியாவது வாங்கித் தொலைங்க, இனிமே நடுவுல எந்திரிச்சு வர என்னால ஆகாது" என்றாள். அப்படி வந்த வண்டி இது. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் சொன்னபடிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. திரும்பி வரும்போது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நான் ஒன்று விடாமல் பாடிக்கொண்டு வருவேன். படிக்காதவன் மண்டையில் நிறைய இடம் காலி, அதனால் கேட்டதெல்லாம் தங்குகிறது என்று நீதான் கிண்டல் செய்வாய். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு கச்சேரி. அதை உன் கணக்கில் எந்தப் பக்கம் எழுதினாய்? ரயிலில் நான் வாயைத் திறந்தால் எதிர்சீட்டுக்காரன் சங்கிலியைப் பிடித்து இழுப்பான்.

நான் ஓட்டுவது உனக்குப் பயமாக இருக்கிறது என்றால் அதை நேராகச் சொல். கணக்கைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தாதே.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தான்

(பெரியவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இரண்டு வசவை மட்டும் விட்டுவிட்டேன். – தையல்காரி)


பிப்ரவரி 8

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல். மருமகனுக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது வேலைக்குப் போகிறார்.

நீங்கள் வண்டி ஓட்டுவதில் நான் எந்தக் குறையும் சொல்லவில்லை. உங்களை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன். எனக்கு முதுகு வலி. கார் சீட்டில் நெடுநேரம் உட்கார முடிவதில்லை. ரயில் என்றால் எழுந்து நடக்கலாம். அங்கே எல்லோரும் அவரவர் பாட்டுக்கு வருவார்கள். யாரும் யாருடனும் பேச வேண்டியதில்லை. அதுவும் ஒரு சௌகரியம்.

திரும்பும் ரயில் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புகிறது என்பது உண்மைதான். கடைசி உருப்படிக்கு முன்னால் எழுந்தால் போதும். எப்படியும் அது சின்னப் பாட்டாகத்தான் இருக்கும்.

மார்ச் கச்சேரிக்கு இருவருக்கும் ரயில் டிக்கெட் வாங்கிவிட்டேன். இந்த ஒரு தடவை பார்ப்போம். நீங்கள் பஸ்ஸில் எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். கடிகாரத்துக்குக் கீழே நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

மருமகனுக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. உன் முதுகுக்கு என் தைலத்தில் பாதி கொண்டுவருகிறேன்.

டிக்கெட்டே வாங்கிவிட்டாய், பிறகு எதற்கு என்னைக் கேட்கிறாய். வருகிறேன். ஆனால் கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்திருக்கலாம் என்று சொல்வது நீதானா என்று இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்காமல் தொடையை இறுக்கிக்கொண்டு கடைசிக் கைதட்டல்வரை உட்கார்ந்த ஆள் நீ.

வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டேன். அது என்னை ஒரு மாதிரி பார்க்கிறது.

உன் அத்தான்


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பிரியும்போது, ரயில்காரர்கள் மேல் புகார் எழுதப்போவதாகச் சொன்னாய். எழுதாதே. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

நாம் உங்கள் ஊர் ரயில் மேடையில் நின்றோம். ஒலிபெருக்கியில் அந்தப் பெண்குரல், நம் ரயில் எதிர்ப்பக்கத்து மேடைக்கு மாறிவிட்டது என்று இரண்டு தடவை சொன்னது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ அசையவில்லை. மேலே தொங்கிய பலகையைப் படித்துவிட்டு, "இதுதான் அத்தான், வாங்க ஏறுவோம்" என்றாய்.

பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று கண்டவனையெல்லாம் கேட்டே காலம் தள்ளியவன் நான். படித்தவன் பலகையைப் பார்த்துச் சொல்லும்போது என் காதில் விழுந்ததை எப்படி நம்புவேன்? சொல்பவன் வேறு நீ. பேசாமல் ஏறிவிட்டேன். அந்த அளவுக்கு என் மேலும் தப்பு இருக்கிறது.

டிக்கெட் பார்க்க வந்தவர் சிரித்தார். "கச்சேரி கேக்கவா கிளம்புனீங்க? ஊரு அந்தாண்ட இருக்கு பெரியவரே. நீங்க போறது உப்புக் குடோனுக்கு" என்றார். அந்த உப்புக் குடோன் ஊரில் இறங்கி, திரும்பும் ரயிலுக்குச் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "இன்னேரம் நெட்டை வில்ல கையில எடுத்திருப்பா" என்று நான் சொன்னேன். நீ வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாய். இன்னொரு தடவை சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில்காரர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். சொன்னார்கள். நீ அப்போது வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்திருப்பாய்.

முதுகு எப்படி இருக்கிறது?

உன் அத்தான்


ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். புகார் எழுதவில்லை.

அன்றைய செலவு முழுவதும் என்னுடையதாக இருக்கட்டும். உங்கள் பஸ் கட்டணத்தை அனுப்பிவைக்கிறேன்.

யோசித்துப் பார்த்ததில், கார், ரயில் இரண்டுமே நமக்குக் கட்டாது என்று தோன்றுகிறது. இந்த வருஷத்தோடு வெளியூர்க் கச்சேரியை நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் ரேடியோ இருக்கிறது.

ரயில் மாறி ஏறிய விஷயம் மகளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் இனிமேல் என்னைத் தெருமுனைக்குக்கூடத் தனியாக விடமாட்டாள்.

இப்படிக்கு,
மைத்துனன்


ஜூன் 15

மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய பஸ் காசை அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன். மே மாதம் முழுக்க உன்னிடமிருந்து வேறு கடிதம் வருமென்று பார்த்தேன். தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். போனும் செய்தேன். நீ வழக்கம்போலக் குளித்துக்கொண்டிருந்தாய்.

எழுதத் தெரிந்தவர்கள் ஒன்றை எழுதிவிட்டு மறந்துவிடலாம். எனக்கு அந்த வசதி கிடையாது. போட்டது போட்டபடி எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. அதைத்தான் இத்தனை நாளாக எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் கடைசிக் கச்சேரி முடிந்து வந்தோம். மழைத் தூறல். வைப்பர் ஒரு பக்கம் கிறீச்சிட்டது. நான் ஒவ்வொரு பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தேன். நீ வாயே திறக்கவில்லை. இவன் தூங்குகிறானா என்று பார்க்க, நாலாவது பாட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், நெட்டை வாசிக்காத ஒன்றைச் சொருகினேன். உன் அக்கா துணி மடிக்கும்போது முனகுவாளே, அது. சின்ன வயதில் உன்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பாடிய தாலாட்டு என்று அவளே சொல்லியிருக்கிறாள். உலகத்தில் எதை மறந்தாலும் அதை நீ மறக்க முடியாது. பாடி முடித்து உன் தோளைத் தட்டி, "இது எப்படிடா?" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு, "நெட்டை இன்னிக்குப் பிரமாதப்படுத்திட்டா அத்தான்" என்றாய்.

தூக்கக் கலக்கம் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். இப்போது அதையும், இந்தப் போனையும், குளியலையும், எதிர்ப்பக்கத்து மேடையையும், உப்புக் குடோன் பெஞ்சையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் சொல்லப்போவதில்லை. என் வாயிலிருந்து உன்னிடம் வர, அது இன்னொருவர் கை வழியாக வர வேண்டும். உன் பதிலும் இன்னொருவர் வாய் வழியாகத்தான் எனக்கு வரும். அதனால்தான் நீயும் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. நமக்குள் இருக்க வேண்டியது நமக்குள் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. வண்டியில் உனக்கு எந்தச் சீட்டு வசதி? முன்னாலா, பின்னாலா? எனக்கு எந்தப் பக்கம்?

உன் அத்தான்

(ஐயா, பெரியவர் பெயர் சொல்லாவிட்டாலும் எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் அப்பாவுக்கும் காது இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. வீட்டில் எல்லோரிடமும் கோபித்துக்கொண்டே இருந்தார். தையல் கடையில் நிறையப் பேர் நிறையப் பேசுவார்கள். இங்கே கேட்டது எதையும் நான் வெளியே சொல்வதில்லை. நீங்கள் தைரியமாக எழுதலாம். – தையல்காரி)


ஜூலை 4

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். தையல்காரம்மாவுக்கு என் நன்றி. இதைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துக் காட்டச் சொல்லவும்.

முன்சீட்டு. எப்போதும் உட்காருகிற இடம்தான். உங்கள் பக்கத்துக் காது இன்னும் பரவாயில்லை. மற்றது போய்விட்டது.

மில்லில் என் மேஜை ரம்பத்துக்கு அடுத்த அறையில் இருந்தது உங்களுக்குத் தெரியும். வேலையில் இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வீட்டோடு வந்த பிறகுதான் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டேன். மண்டபத்தில் நான் பாட்டு கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. வில் மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் தட்டினால் நானும் தட்டுவேன். திரும்பும் வழியில் நீங்கள் பாடுவீர்கள். எனக்குக் கச்சேரி அதுதான். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த இரண்டாவது ஒன்று மட்டும்தான்.

போன வருஷம் அதுவும் இன்ஜின் சத்தத்தில் கரைய ஆரம்பித்தது. உங்கள் வாய் அசைவது தெரியும். தலையாட்டுவேன். வழி முழுக்கத் தலையாட்டிக்கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. ரயில் என்றால் நீங்கள் பாடமாட்டீர்கள். நான் தலையாட்ட வேண்டியதில்லை. என் கணக்கு இவ்வளவுதான். முதுகில் வலி எதுவும் இல்லை.

அக்கா பாட்டுக்கும் தலையாட்டியிருக்கிறேன் என்பதை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பரில் கச்சேரி இருக்கிறது. நீங்கள் மட்டும் போய் வாருங்கள். கேட்க முடியாதவனுக்காக அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவது எந்தக் கணக்கிலும் நஷ்டம்தான்.

இப்படிக்கு,
மைத்துனன்


ஜூலை 16

மாப்பிள்ளைக்கு,

சுகம். உன் கடிதத்தை அந்த அம்மா ஒரு தடவை வாசித்தார். நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

வண்டி உறையை எடுத்தாயிற்று. மெக்கானிக்கும் வழக்கம்போலக் கறந்தாயிற்று. டிக்கெட் இரண்டாக வாங்கு.

கச்சேரி ஊரிலிருந்து உன் ஊருக்கு வரும் வழியில், செங்கல் சூளை தாண்டியதும் லாரிகள் ஒதுங்கி நிற்க அகலமான இடம் ஒன்று இருக்கிறது. நான் லாரி ஓட்டிய காலத்தில் அங்கேதான் சாப்பாட்டுக்கு நிறுத்துவேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈ காக்கை இருக்காது. அங்கே வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை நாலு பக்கமும் ஏற்றிவிடுகிறேன். உன் காதுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். நிற்கிற வண்டிக்குப் பெட்ரோல் செலவில்லை. அதை உன் கணக்கில் மறக்காமல் வரவு வை.

உன் மகளிடம் நீயே சொல். நான் சொன்னால் அது கோள் மூட்டுவது ஆகிவிடும். தையல்காரம்மாவின் அப்பாவுக்குக் காதில் வைக்க ஒரு மெஷின் வாங்கினார்களாம். முதல் வாரம் தூக்கி எறிந்தாராம், பிறகு பழகிக்கொண்டாராம். டாக்டரைப் பார்.

இனி குளிக்கிறேன் என்று சொல்லி அனுப்பாதே. போனை எடுக்காவிட்டால் எடுக்கவில்லை, அவ்வளவுதான். எழுதிக்கொள்வோம்.

உன் அத்தான்


செப்டம்பர் 22

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த விவரத்தை மகளிடம் போனில் சொன்னது தெரிந்தது. அவ்வளவு உரக்கப் பாடியதில் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் குடிக்கவும்.

மகளிடம் கச்சேரிக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டேன். காகிதத்தில் எழுதிக் காட்டினாள். "குளிக்கிறாருன்னு சொல்லச் சொன்னீங்களே, அன்னிக்கே தெரியும்பா. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்று எழுதியிருந்தாள். அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம்.

கணக்கை முடித்துவிட்டேன். செங்கல் சூளைக்குப் பக்கத்தில் வண்டி நின்ற நேரத்துக்குச் செலவு எதுவும் எழுதவில்லை. அப்படியும் கார்தான் அதிகம். இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். ரயில் இன்னும் மூன்றில் ஒரு பங்குதான்.

இன்னொரு விஷயம். மண்டப வாசலில் கொடுத்த அச்சுத் தாளை எடுத்துப் பார்த்தேன். நெட்டை வாசித்தது ஏழு உருப்படி. நீங்கள் வண்டியில் பாடியது எட்டு. நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் வந்தது தாளில் இல்லை. உங்களுக்கு அதைப் படிக்க வராது என்பதால் சொல்கிறேன்.

அதில் இரண்டாம் அடியை நீங்கள் தப்பாகப் பாடுகிறீர்கள். அந்த இடத்தில் மேலே தூக்குகிறீர்கள். அக்கா அங்கே கீழே இறக்கி, கொஞ்சம் நிறுத்தி, பிறகுதான் அடுத்த அடிக்குப் போவாள். அப்போதே சொல்லியிருப்பேன், அதற்குள் நீங்கள் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டீர்கள்.

நவம்பர் கச்சேரிக்கு வண்டியையே எடுத்து வாருங்கள். அதே இடத்தில் நிறுத்துங்கள். பாடிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்